கணக்குப் புத்தகம் யார் கையில்?



மிஷன் பாடசாலையிற் பயின்ற நாம் இந்து வாலிபர் மேடையிற் பேசுவதைச் சிலர் வியக்கக்கூடும். ஹண்டி பேரின்பநாயகம் அவர்களை நினைத்தால் அவ்வியப்புத் தீரும். வட்டுக்கோட்டையிலே மிஷன் நிறுவிய யாழ்ப்பாணக் கல்லூரியிற் படித்து, அங்கேயே ஆசிரியராயிருந்த அவர், பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார்.

1924 இல் அவரும் தோழரும் மாணவர் காங்கிரசைத் தோற்றுவித்தனர். அதுவே பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. ஆங்கிலமே பெருமையென்றிருந்த அக்காலத்தில் அது தமிழையும் தேசிய உடையையும் போற்றியது; சாதி வேற்றுமையைக் கண்டித்தது. 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவ்வாலிபர்களே. பெரியோர் செய்யட்டுமென்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1931 இல் அவர்கள் விடுத்த பகிஷ்கார அழைப்பால் குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அது சரியோ பிழையோ, இன்றும் வாதிக்கலாம். ஆயினும் நாட்டுக் காரியம் தம் காரியமென எண்ணினார்களே!

எமது வன்னியிலே என்ன காண்கிறோம்? கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே கதிரை அடுக்குபவர் நாம், பேசுபவர் பெரியவர். குளக்கட்டு எங்கே கசிகிறதென்று அறிந்த பிள்ளையும் சுவரோரம் வாய்மூடி நிற்கிறான். எம்மைக் கூச்சக்காரரென்கிறீர்கள். கணக்குப் புத்தகத்தை ஒருநாளேனும் எம் கையிற் தந்தீர்களா? அடுத்த கூட்ட அறிக்கையை ஒரு பிள்ளை எழுதட்டும். பிழையிருந்தால் அருகிலிருந்து திருத்துங்கள், ஐயாமாரே.