மென்சூட்டில் ஒரு சாக்லேட்டுப் பால்

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவது மரபு. மொழியின் தொன்மையைப் பற்றிப் பேசுவதும் மரபு. அவற்றைப் பேசத் தகுதி வாய்ந்த சான்றோர் இங்கே வீற்றிருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பால் காய்ச்சுவது. இதற்கு ஒரு மேடை வேண்டுமா என்று சிலர் புன்னகை செய்யக்கூடும். ஆயினும் தில்லிவாழ் தமிழ்க் குடும்பங்கள் கூடும் விழாக்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். மார்கழிப் பஜனையாகட்டும், பொங்கல் விழாவாகட்டும், குழந்தைகளின் நாட்டிய நிகழ்ச்சியாகட்டும், அவற்றுட் பல குளிர்காலத்தில்தான் வருகின்றன. பட்டுப் பாவாடையின் மேல் கம்பளிச் சட்டை அணிந்து, பற்கள் கிடுகிடுக்கக் காத்திருக்கும் சிறுமி, ஆடி முடித்து மேடையினின்றும் இறங்கி வந்ததும் சூடாக ஏதேனும் கொடுக்க வேண்டும். அதற்காகப் பின்கட்டில் இரண்டு மூன்று தாய்மார்கள் அடுப்பருகே நிற்கிறார்கள். அச்சிறுமியின் தாயே அவர்களில் ஒருவராக இருப்பதும் உண்டு. கைதட்டல் கேட்கிறது; மகள் ஆடி முடித்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிகிறது. பால் பொங்கும் தறுவாயில் கரண்டியை வைத்துவிட்டு ஓட முடியுமா?

ஆண்மக்கள் அடுப்படிக்குச் செல்லலாமே என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வியே, தாராளமாகச் செல்லட்டும். ஆனால் அவர்களும் தந்தையர் அல்லரோ? எவருமே அங்கு நிற்க வேண்டாத வழி ஒன்று இருக்குமானால் அதுவன்றோ சிறந்தது? அவ்வழியைப் பற்றியே சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

மின்சாரப் பொருள் விற்கும் கடைகளில் ‘ஸ்லோ குக்கர்’ என்று ஒன்று கிடைக்கிறது. தமிழில் மென்சூட்டுக் கலயம் என்று சொல்லிக்கொள்வோம். மெருகிட்ட தடித்த பீங்கான் கலயம் ஒன்று. அதைச் சூழ்ந்து ஓர் உலோகக் கூடு. கூட்டினுள் சூடேறும் மின்கம்பி. மேலே கண்ணாடி மூடி. இவ்வளவே. பீங்கான் தடித்ததாகையால் சூட்டை மெல்ல வாங்கி எங்கும் பரப்புகிறது. ஓரிடத்தில் குவிந்து பால் கருக இடமில்லை. பிரஷர் குக்கரின் தங்கை என்று இதனை எண்ணிவிடலாகாது. அக்காள் விரைவுக்கு, இவளோ நிதானத்துக்கு. 250 வாட் கலயம் ஒன்று மூன்று மணி நேரம் இடைவிடாது ஓடினாலும் செலவாகும் மின்சாரம் முக்கால் யூனிட்டுதான்.

இக்கருவி பிறந்த கதை நம் பொருளுக்கு மிகவும் பொருந்துவது. சிக்காகோ நகரில் வாழ்ந்த இர்விங் நாக்சன் என்பவர் 1940-ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய அன்னையார் லித்துவேனியாவின் வில்னா நகரத்து யூதர்களிடையே வளர்ந்தவர். சப்பாத் என்னும் ஓய்வு நாளில் யூதர்கள் அடுப்பு மூட்டுவதில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன், மறுநாள் உணவுக்கான பானையை ரொட்டிக் கடையின் பெரிய அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். இரவெல்லாம் அடுப்பு மெல்ல ஆறும்; பானையும் மெல்ல வேகும். அன்னை சொன்ன அக்கதையே மகனின் கருவிக்கு வித்தாயிற்று. 1970-இல் ரைவல் என்னும் நிறுவனம் நாக்சனின் தொழிலை வாங்கிற்று. 1971-இல் ‘கிராக் பாட்’ என்ற பெயரில் கலயத்தை விற்கத் தொடங்கிற்று. வேலைக்குச் செல்லும் பெண்டிர் அமெரிக்காவில் பெருகிவந்த காலம் அது. ஓய்வு நாளில் ஒருவரும் அடுப்படியில் நிற்கலாகாது என்ற நெறி ஒன்றிலிருந்து முளைத்த கருவி இது என்பதை நினைவில் வையுங்கள்.

மெல்லிய சூடு நமக்கும் புதிதன்று. கல்சட்டியில் வைத்த குழம்பு, அடுப்பிலிருந்து இறக்கிய பின்னும் நெடுநேரம் கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். கும்மட்டி அடுப்பின் நீறு பூத்த தணலில் திரட்டுப்பால் குறுகக் குறுகக் காத்திருந்த பாட்டிமார்களையும் அறிவோம். பழைய தில்லியின் மிட்டாய்க் கடைகளில், குளிர்கால மாலைகளில் அகன்ற கடாயில் பால் மணிக்கணக்காகச் சுண்டிக்கொண்டிருக்கும் காட்சியும் நமக்குப் பழக்கமே. 

ஆனால் அந்தத் தணலை இன்று நம் வீட்டுக்குள் கொண்டுவரலாகாது. கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு அடுக்கு மாளிகைகள் எழுந்துவிட்டன. திறந்த முற்றத்தில் மூட்டிய அங்கீட்டியின் புகை வானத்தை நோக்கிப் போகும். கதவும் சன்னலும் அடைத்த அறையில் வைத்தாலோ, கரி கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைக் கக்கும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. உறங்குபவர் உறங்கியபடியே மாண்டுபோவர். தில்லிப் பக்கத்தில் இத்தகைய சாவுச் செய்தி வராத குளிர்காலம் அரிது. குளிருக்காகவோ சமையலுக்காகவோ மூடிய அறையில் கரியடுப்பு வைப்பவர் எவரையேனும் கண்டால், அவர் நம் வீட்டு வேலையாளாக இருந்தாலும் வாயிற்காவலராக இருந்தாலும், தயங்காது எடுத்துச் சொல்லுங்கள்.

இனிச் சாக்லேட்டுக்கு வருவோம். அது மேனாட்டுப் பண்டம், நமக்கு எதற்கு என்று பெரியவர்கள் கேட்கலாம். கோகோ மரம் ஐரோப்பிய மரமும் அன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் காடுகளில் தோன்றியது. மாயர்களும் அஸ்டெக்குகளும் அதன் விதையை வறுத்து அரைத்துக் கரைத்து, ஒரு கலத்தை உயரத் தூக்கி மறு கலத்தில் ஊற்றி நுரை பொங்கச் செய்து பருகினார்கள். டபராவும் தம்ளருமாகக் காப்பி ஆற்றும் நமக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறு வேண்டுமா? பின்னாளில் அங்கே உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டிக் கடையும் மரக் கடைகோல் ஒன்றும் வழக்கில் வந்தது; நம் மத்துக்கு உடன்பிறப்பு அது. அப்பானத்தில் அவர்கள் மிளகாயும் சேர்த்ததுண்டு. மிளகாயும் அந்நிலத்திலிருந்து வந்ததே. அதை நாம் அயலாரது என்று ஒதுக்கினோமா?

மற்றொரு செய்தி திருநெல்வேலிப் பக்கத்தவர்களுக்குப் பெருமையளிக்கும். கோகோ முதன்முதல் இந்திய மண்ணில் நடப்பட்டது 1798-ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில். நடப்பட்ட இடம் குற்றாலம். அருவிக்கு மட்டும் பெயர் பெற்ற ஊரன்று அது. வாணிகப் பயிராக அது தென்னாட்டில் வேரூன்றியது 1960-களுக்குப் பின்னரே. இன்று பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் தென்னையின் நிழலில் ஊடுபயிராக வளர்கிறது. பறித்த காயை உடைத்து, வெண்சதையோடு விதைகளைக் குவித்து ஏறத்தாழ ஆறு நாள் புளிக்க வைப்பார்கள். குவியல் தானாகவே 45, 50 பாகை வரை சூடேறும். அந்தச் சூட்டில் ஊறிய பின்பு உலர்த்தி வறுத்தால்தான் சாக்லேட்டின் மணம் பிறக்கும். மென்சூடு அதற்குப் பிறவியிலேயே வந்த பழக்கம் போலும்!

செய்முறை எளியது. ஆறு லிட்டர் கலயத்துக்கு நான்கு லிட்டர் பால், 120 கிராம் இனிப்புச் சேராத கோகோத் தூள், 320 கிராம் சர்க்கரை, 300 கிராம் கருஞ்சாக்லேட்டு, ஒரு சிட்டிகை உப்பு. கோகோத் தூளை ஐ.என்.ஏ. அங்காடியில் வாங்கலாம். டப்பாக்களில் வரும் போர்ன்விட்டா போன்ற மால்ட்டுச் சத்துமாவு வேறு, இது வேறு; மாற்றி வாங்கிவிடாதீர்கள். பாலை முதலில் வழக்கம்போல் அடுப்பில் பொங்கக் காய்ச்சிவிடுங்கள். குளிர்ந்த பாலைக் கலயத்தில் ஊற்றினால் அது சூடேற நெடுநேரம் ஆகும். வெதுவெதுப்பான பால் நோய்க்கிருமிகளுக்கு விருந்து. கலயத்தையும் வெந்நீரால் சூடாக்கி வைத்துக்கொள்க. சில்லிட்ட பீங்கானில் கொதிக்கும் பால் பட்டால் விரிசல் காணும்.

கோகோத் தூளை நேரே பாலில் தூவாதீர்கள்; கட்டி கட்டியாய் மிதக்கும். கோகோ பாலில் உப்பைப் போலக் கரைந்துவிடுவதில்லை, நுண்துகளாக மிதக்கிறது. 1828-இல் ஹாலந்து நாட்டு வான் ஹூட்டன் என்பார், அரைத்த விதையிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுத்துத் தூளாக்கும் வழியைக் கண்ட பின்னும் எஞ்சிய சிறிது கொழுப்பு நீரை வெறுக்கத்தான் செய்கிறது. ஆகவே தூளையும் சர்க்கரையையும் கலந்து, ஒரு தம்ளர் சூடான பால் விட்டு, சந்தனக் குழம்பு போலக் குழைத்துக்கொண்டு, பின்பு மீதிப் பாலில் சேர்த்து மத்தால் கடைய வேண்டும். சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக்கி அதன் பின் இடுக. அதைத் தனியே கலயத்தில் உருக்க முயல வேண்டா. மூடியிலிருந்து நாலு சொட்டு நீர் விழுந்தாலும் இறுகி மணல் போலாகிவிடும். பால் நிறைய இருக்கையில் அந்த அச்சம் இல்லை.

குறைந்த சூட்டில் வைத்து மூடிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் பானம் ஆயத்தம். இடையில் அரைமணிக்கு ஒருமுறை யாரேனும் ஒருவர் போய் நாலு சுற்றுக் கடைந்து வந்தால் போதும். ஆடையும் படியாது, அடியில் வண்டலும் தங்காது. இரண்டு நாட்டியங்களுக்கு இடையே செய்யக்கூடிய வேலை இது. கடைசி முறை மட்டும் சிறிது வேகமாகக் கடையுங்கள். நுரையில்லாத சாக்லேட்டுப் பால் மணமில்லாத காப்பி போன்றது. அதன்பின் ‘வார்ம்’ என்னும் நிலைக்குத் திருப்பி வைத்தால் விழா முடியுமட்டும் சூடு தாங்கும். சிறு தம்ளரில் ஊற்றினால் முப்பத்தைந்து பேருக்குக் காணும். பெரிய கூட்டமானால் இரண்டு கலயம். ஏலமோ சுக்கோ தட்டிப் போடுவது அவரவர் விருப்பம். வெல்லம், கருப்பட்டி வேண்டுமென்போர் அதைப் பாகாக்கி, தம்ளரில் ஊற்றும்போது சேர்த்துக்கொள்ளட்டும். கலயத்தில் இட்டு மணிக்கணக்காகச் சூடேற்றினால் பால் திரிந்துபோகக்கூடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ‘வார்ம்’ நிலையில் பானம் 60 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முதன்முறை ஒரு வெப்பமானி கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்று கலயம் ஆறிப்போய் இரண்டு மணி நேரம் கடந்துவிட்டால், எத்தனை லிட்டராயினும் கொட்டிவிடுங்கள். குழந்தைகளின் வயிற்றைக் காட்டிலும் நான்கு லிட்டர் பால் பெரிதன்று. மிஞ்சியதை இரவு முழுதும் கலயத்திலேயே விட்டு வைக்காமல், சிறு பாத்திரங்களில் ஊற்றி ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். சூடான பீங்கானைக் குழாயடியின் குளிர்ந்த நீரில் காட்டாதீர்கள். கலயம் கழுவும் பொறுப்பை யார் ஏற்பது என்பதைச் செயற்குழு தீர்மானிக்கட்டும். தாய்மார்கள் பெயர் அப்பட்டியலில் முதலில் வராதிருந்தால் நலம்.