பூர்வோத்தரம் பார்த்த அரசு



இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஐரோப்பாவில் நடந்த ஒற்றை மனிதர் ஆட்சிகளைப் பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும்படி பணித்தீர்கள். நன்றி. தலைமையுரை என்றால் பல நாடுகளையும் தொட்டுப் பேசுவது வழக்கம். நான் ஒரே நாட்டை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் ஒரே ஒரு சொல்லை. நாடு அல்பேனியா, சொல் 'பியோகிராஃபி'.

பெண் கொடுப்பதற்கு முன் குடும்பத்தின் பூர்வோத்தரம் விசாரிப்பது நம் ஊர்ப் பழக்கம். அல்பேனியாவில் அந்த விசாரணையை அரசே நடத்தியது. அப்படித் திரட்டிய குடும்ப வரலாற்றுக்குப் பெயர்தான் பியோகிராஃபி. அது 'நல்லது' என்றால் பல்கலைக்கழகத்தில் இடம், நகரத்தில் வேலை. 'கெட்டது' என்றால் இரண்டும் இல்லை. அது கெட்டுப்போவதற்கு அந்த ஆள் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. பாட்டனாருக்கு நிலம் இருந்தது, மாமா எல்லை தாண்டி ஓடிவிட்டார், அண்ணன் சிறையில் இருக்கிறார் என்பதே போதும்.

இந்த அரசைக் கட்டியவர் என்வர் ஹோஜா. இத்தாலிய, ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய படையின் தலைவராக 1944 நவம்பரில் தலைநகர் திரானாவுக்கு வந்தார். 1985 ஏப்ரல் 11-இல் இறக்கும்வரை பிடியைத் தளர்த்தவில்லை. முதல் அடிகளில் ஒன்று தன் குடும்பத்திலேயே விழுவதை அவர் தடுக்கவில்லை. 1945-இல் திரானாவின் ஒரு திரையரங்கில் கூடிய சிறப்பு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தவர்களில் பஹ்ரி ஒமாரியும் ஒருவர். ஹோஜாவின் சொந்த அக்காளின் கணவர். அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்த கோச்சி ஜோஜே பின்னர் உள்துறை அமைச்சரானார். 1949-இல் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். யூகோஸ்லாவியாவின் ஆள் என்பது குற்றச்சாட்டு.

மெஹ்மெத் ஷெஹுவின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1954 முதல் பிரதமர், ஹோஜாவின் வலக்கை, இரக்கமில்லாத மனிதர். 1981-இல் அவருடைய மகனுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்தார்கள். பெண்ணின் உறவினர்களில் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். பியோகிராஃபி கெட்ட வீடு. நிச்சயதார்த்தத்தை முறித்தும் ஆளும் பொதுவுடைமைக் கட்சி விடவில்லை. டிசம்பரில் கட்சியின் அரசியல் குழு ஷெஹுவைக் கூண்டில் ஏற்றியது போல் விசாரித்தது. மறுநாள் காலை அவர் தன் படுக்கையில் குண்டு பாய்ந்து கிடந்தார். தற்கொலை என்று அறிவித்தார்கள். பிறகு, பல நாடுகளுக்கு உளவு பார்த்தவர் என்றார் ஹோஜா. ஷெஹுவின் மனைவியும் மகன்களும் கைதானார்கள். அதன் தொடர்ச்சியாக, பல ஆண்டுகள் உள்துறையை நடத்திய காத்ரி ஹஸ்பியுவும் 1983-இல் கொல்லப்பட்டார்.

சம்பந்தம் வெறும் சாக்கு, வாரிசுப் போட்டிதான் உண்மைக் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. சாக்காகவே இருக்கட்டும். ஒரு பிரதமரை வீழ்த்த மகனின் கல்யாணப் பேச்சு போதுமான சாக்கு என்றால், சாதாரண வீடுகளில் என்ன பயம் குடியிருந்திருக்கும்?

அப்படி ஒரு வீடு கொகலாரி குடும்பம். முசினே கொகலாரி ரோமில் இலக்கியம் படித்தவர். ஜிரோகாஸ்தர் ஊர்ப் பாட்டிமார் பேசும் பேச்சை அப்படியே எழுத்தில் பிடித்து 1941-இல் ஒரு நூல் வெளியிட்டார். அல்பேனிய மொழியில் நூல் வெளியிட்ட முதல் பெண்களில் ஒருவர். அதே ஜிரோகாஸ்தர்தான் ஹோஜாவுக்கும் சொந்த ஊர். 1944 நவம்பரில் முசினேயின் அண்ணன்மார் இருவரை விசாரணையே இல்லாமல் சுட்டார்கள். 1946-இல் அவர் குற்றவாளிக் கூண்டில் நின்ற படம் ஒன்று இருக்கிறது. தலையில் கறுப்பு முக்காடு, துக்க முக்காடு. 20 ஆண்டுத் தண்டனை. பல ஆண்டுகள் சிறையில் கழித்து வெளியே வந்தவரை ரெஷன் என்ற சிற்றூரில் இருத்திக் கட்டட வேலைக்கு அனுப்பினார்கள். பாட்டிமார் கதை எழுதிய கை சுண்ணாம்பும் மணலும் குழைத்தது. 1983-இல் அங்கேயே இறந்தார்.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு செய்தி. கொல்கத்தாவில் வாழ்ந்த அன்னை தெரசாவின் தாயும் அக்காளும் திரானாவில் இருந்தார்கள். போய்ப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. தாய் 1972-இலும் அக்காள் 1973-இலும் இறந்தார்கள்.

இந்த அவையில் பொதுவுடைமை இயக்கத்தின் மேல் பற்றுள்ளவர்கள் பலர் என்பது எனக்குத் தெரியும். எழுத்தறிவு பரவியதும், 1970-இல் மலைக் கிராமங்கள் வரை மின்சாரம் போனதும் உண்மை. மறைக்க வேண்டியதில்லை. மலிக் சதுப்பு நிலத்தை வற்றவைத்து வயலாக்கியதும் சாதனைதான். ஆனால் அங்கே சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களில் அரசியல் கைதிகளும் இருந்தார்கள். ஸ்பாச் சுரங்கத்தில் செம்புத் தாது வெட்டியவர்களும் அவர்களே. 1973 மே மாதம் ஸ்பாச் கைதிகள் கிளர்ந்தெழுந்து, பொதுவுடைமை நட்சத்திரம் இல்லாத தேசியக் கொடியை ஏற்றினார்கள். நால்வருக்கு மரண தண்டனை. இவற்றை ஒரே பக்கத்தில் எழுதாத வரலாற்றை என்னால் வரலாறு என்று ஏற்க முடியாது.

இனி ஆய்வாளர்களுக்கு. ரகசியப் போலீசான சிகுரிமியின் கோப்புகளைப் பாதிக்கப்பட்டவர்கள் பார்க்க 2015-இல் தனிச் சட்டம் வழிசெய்தது. கோப்பு கிடைத்ததும் உண்மை கிடைத்துவிட்டதாக மகிழ்கிறோம். அந்தக் கோப்பை எழுதியவர் யார்? பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்தவர், சில நேரம் நெருங்கிய உறவினர். மிரட்டலுக்குப் பயந்து எழுதியவர் உண்டு, பழைய பகையில் எழுதியவரும் உண்டு. ஒருவரைப் பற்றி அவரை அழிக்க எழுதிய தாள்களை மட்டும் வைத்து அவர் வாழ்க்கையை எழுதினால், நாமும் இன்னொரு பியோகிராஃபிதான் எழுதுகிறோம். சிறையிலிருந்து மீண்டவர்களின் வாய்மொழியையும் வீட்டில் மிஞ்சிய கடிதங்களையும் அதன் அருகில் வைத்துப் படியுங்கள்.

கட்டுரை வாசிப்போரிடம் ஒரு வேண்டுகோள். ஹோஜாவின் பெயரை இந்த இரண்டு நாளில் நூறு முறை சொல்லப் போகிறோம். உங்கள் கட்டுரையில் வரும் கைதியின் பெயரையும் ஊரையும் தொழிலையும், பதிவில் இருக்குமானால், முழுதாகச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். அதற்கு ஆகும் நேரத்தை உங்கள் இருபது நிமிடத்தில் கழிக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவர்களைக் கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.