மின்வாகன மாற்றம்: ஆதாயம் யாருக்கு, சுமை யாருக்கு?

(திருவனந்தபுரத்தில் தொழிற்சங்க ஊழியர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் தமிழாக்கச் சுருக்கம்)



மின்வாகனம் குறித்த விவாதங்கள் பெரும்பாலும் பேட்டரியோடும் மின்னேற்ற நிலையத்தோடும் முடிந்துவிடுகின்றன. அம்மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்வி எழுவதில்லை. ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்தின் வரலாறு அதற்கு விடை தருகிறது.

2021 ஜனவரி 16 அன்று ஃபியட் கிரைஸ்லரும் பிரான்சின் பிஎஸ்ஏ குழுமமும் இணைந்து இந்நிறுவனம் உருவாயிற்று. பல மூலதனங்கள் ஒன்றில் கரைவதை மூலதன மையப்படல் என்று மார்க்ஸ் விளக்கினார். அதற்கு இது கண்கூடான சான்று. இணைப்பினால் ஆண்டுக்கு 500 கோடி யூரோ மிச்சமாகும், அதற்காக எந்த ஆலையும் மூடப்படாது என்று அறிவித்தனர்.

ஒரே அடித்தளத்தில் பல பெயர்களில் கார்கள், பொதுவான மோட்டார், பொதுவான கொள்முதல் என்பதே அவர்களது உத்தி. மின்மயமாக்கலுக்கும் மென்பொருளுக்கும் 2025க்குள் 3,000 கோடி யூரோ ஒதுக்கப்படும் என்றனர். 2030இல் ஐரோப்பாவில் விற்கும் பயணிகள் கார்கள் அனைத்தும் பேட்டரியில் ஓடும் என்றும் சூளுரைத்தனர். பின்னர் மின்கார் சந்தை எதிர்பார்த்த வேகத்தில் வளராதபோது ஹைப்ரிட் கார்களுக்கு அழுத்தம் கொடுத்தனர். மலிவான மின்கார்த் தொழில்நுட்பத்துக்காக 2023இல் சீனாவின் லீப்மோட்டார் நிறுவனத்தில் சுமார் 20 சதவீதப் பங்கை 150 கோடி யூரோவுக்கு வாங்கினர்.

பங்கு வாங்கப் பணம் இருந்தது. தொழிலாளியைக் காக்க மட்டும் இல்லை. மின்மயமாக்கல் செலவைக் காரணம் காட்டி 2023இல் அமெரிக்காவின் பெல்விடியர் ஆலையை முடக்கினர். 2024 நவம்பரில் பிரிட்டனின் லூட்டன் வேன் ஆலையை மூடுவதாக அறிவித்தனர். 1,100க்கும் மேற்பட்டோரின் வேலை கேள்விக்குறியானது. ஆனால் பெல்விடியர் கதை அத்துடன் முடியவில்லை. 2023இல் அமெரிக்க வாகனத் தொழிலாளர் சங்கம் ஆறு வாரம் நடத்திய வேலைநிறுத்தம், ஆலையை மீண்டும் திறக்கும் உறுதிமொழியை ஒப்பந்தத்தில் எழுத வைத்தது. ஆலையின் தலைவிதியைத் தொழில்நுட்பம் தீர்மானிப்பதில்லை, வர்க்கப் போராட்டமே தீர்மானிக்கிறது என்பது இதன் பாடம். இதே நிறுவனத்தின் மின்கார் திருவள்ளூரிலும் தயாராவதால், இப்பாடம் தமிழகத் தொழிலாளர்க்கும் உரியது.

மாற்று வழி உண்டா? அதன் கூறுகள் இம்மாவட்டத்திலேயே உள்ளன. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் விண்கலங்களுக்காக லித்தியம் அயனி மின்கலத்தை உருவாக்கியது. 2018இல் அத்தொழில்நுட்பம் பெல் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. டைட்டானியம் டை ஆக்சைடு தயாரிக்கும் பொதுத்துறை ஆலை வேளியில் இருக்கிறது. அந்தப் பொருளைக் கொண்டு லித்தியம் டைட்டனேட் பேட்டரி உருவாக்க, விண்வெளி மையமும் அந்த ஆலையும் சி-டாக் நிறுவனமும் கேரள அரசின் கே-டிஸ்க் வழியாகக் கைகோத்தன. ஆறாலுமூட்டிலுள்ள கேரள ஆட்டோமொபைல்ஸ் 2019இல் 'நீம் ஜி' மின் ஆட்டோவை வெளியிட்டது.

இதுவும் ஒருவகை இணைப்புதான். ஆனால் இங்கே ஒன்றுசேர்வது பொது அறிவும் பொதுச் சொத்தும். பேட்டரி மாதிரியை ஆலை உற்பத்தியாக்க முதலீடு வேண்டும். அரசுக் கொள்முதல் வேண்டும். பெருநிறுவனங்களுக்கு மானியத்தை அள்ளித் தரும் ஒன்றிய அரசு, பொதுத்துறைக்கு அதை மறுப்பதற்கு நியாயமில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை: மானியம் பெறும் ஒவ்வொரு நிறுவனமும் வேலைப் பாதுகாப்புக்கு எழுத்துப்பூர்வ உறுதி தர வேண்டும், எஞ்சின் பிரிவுத் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் மறுபயிற்சி வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளியும் அதில் இடம்பெற வேண்டும். இவற்றை ஆலை வாயில்தோறும் கொண்டு செல்வதே தொழிற்சங்க இயக்கத்தின் உடனடிக் கடமை.