பாண்டவர் படுக்கை



மதுரை மாவட்டத்தில் மேலூரை அடுத்துக் கீழவளவு என்றோர் ஊர் உண்டு. அதன் அருகிலுள்ள பாறைக்குன்றுக்குப் பஞ்சபாண்டவர் மலை என்று பெயர். குகையினுள் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள் கிடக்கின்றன. வனவாசத்தில் பாண்டவர் துயின்ற இடம் இதுவே என்பது ஊரார் கூறும் கதை.

முதலியார்பேட்டையில் இன்று ஓய்ந்திருக்கும் நான், பணியிலிருந்த நாளில், இக்கதையை விடைத்தாளில் எழுதிய மாணவன் ஒருவனுக்குப் பூச்சியம் இட்டேன். சமணத் துறவியர் உறைவிடம் என்பதே சரியான விடை. மறுநாள் அவன் வந்து, "ஐயா, படுக்கை என்று எழுதினேனே, அதுவும் பிழையா?" என்று கேட்டான். ஆசிரியப் பயிற்சி பெற்றவன்தான் நான். ஆயினும் மறுமொழி தோன்றவில்லை.

விடுமுறையில் அம்மலைக்கே சென்றேன். குகையின் நெற்றியில் தமிழ்ப் பிராமி எழுத்து, கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் அறிஞர். அதனை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். எழுத்துகள் சில தலைகீழாகவும் நிற்கின்றன! தொண்டி ஊரினர் ஒருவர் கொடுத்த 'பளி' என்பது அதன் செய்தி. பளி என்பது பள்ளியே. பள்ளி என்றால் படுக்கை. துறவியர் உறையுளும் பள்ளி. நீங்கள் நாள்தோறும் செல்லும் பள்ளிக்கூடத்திலும் அச்சொல்லே இருக்கிறது.

காலப்போக்கில் அவ்வெழுத்தைப் படிக்க வல்லார் அற்றுப்போயினர். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924இல்தான். அதுவரை படுக்கை மட்டும் கண்முன் கிடந்தது. படுத்தவர் யார்? கூத்திலும் கதையிலும் பாரதம் கேட்ட மக்கள், காட்டில் வாழ்ந்தோராகத் தாம் அறிந்த ஐவரைச் சொன்னார்கள். சித்தன்னவாசல் குகையில் 17 படுக்கைகள் உள்ளன. ஐவருக்கு அத்தனை எதற்கு என்று கதை கேட்பதில்லை. அக்குகைக்கோ, ஏறிச்செல்லப் பாறையில் வெட்டிய ஏழு படிகளால் ஏழடிப்பட்டம் என்று பெயர் வந்தது.

நார்வே நாட்டிலும் இப்படி ஒன்று உண்டு. தோர்கட்டன் என்ற மலையை ஒரு குகை ஊடுருவிச் செல்கிறது. ஓடும் கன்னியை நோக்கி எய்த அம்பை மறிக்க மன்னன் தன் தொப்பியை எறிந்தானாம். துளைபட்ட தொப்பியே மலையாயிற்றாம். பெயரின் பிற்பகுதிக்குத் தொப்பி என்றே பொருள். துளைத்தவை பனியும் கடலலையும். ஆனால் துளை மெய்தானே?

ஊர் திரும்பியதும் அவ்விடைத்தாளை வாங்கிப் பூச்சியத்தை அடித்துவிட்டுப் பாதி மதிப்பெண் இட்டேன்.

"மீதிப் பாதி, ஐயா?" என்றான்.

"அது படுத்தவர் பெயருக்கு" என்றேன்.