உடைந்த கண்ணாடியும் கல்மாலையும்



மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டுக் குரோபோ மக்கள் மணி செய்வதில் வல்லவர்கள். பிறர் எறிந்த கண்ணாடிப் புட்டிகளே அவர்தம் மூலப்பொருள். பச்சை, பழுப்பு, நீலம் என நிறம் பிரித்து, இடித்துச் சலித்து, அத்தூளைக் களிமண் அச்சின் குழிகளில் இடுகின்றனர். வேறுவேறு நிறத்தூளை அடுக்கி இட்டால் வரிமணி பிறக்கும். குழியின் நடுவே மரவள்ளி இலைக்காம்பைச் செருகுவர். சூளையில் காம்பு எரிந்துபோகும். கோப்பதற்குத் துளை எஞ்சும். பின்னர் மணலும் நீரும் இட்டுக் கல்லில் தேய்த்து மெருகேற்றுவர். பெண்மக்கள் பருவமெய்தும் திப்போ சடங்கில் இம்மணிகளே பெருமைக்குரிய அணி.

இத்தகைய கைத்தொழிலை நம் மகளிர்க்குக் கற்பிக்க விழைகிறோம். ‘கல்மாலையை அறுத்தெறிந்தவர்க்கு மீண்டும் மணிமாலையா?’ எனச் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. திருவிதாங்கூரில் புலையர் குலப் பெண்களுக்குப் பொன்னணி மறுக்கப்பட்டது. கல்லும் மணியும் கோத்த மாலையே இழிவின் அடையாளமாக விதிக்கப்பட்டது. 1915-இல் கொல்லத்தில் நடந்த மாநாட்டில், அய்யன்காளியின் அழைப்பை ஏற்று, அப்பெண்கள் அம்மாலைகளை அறுத்துக் குவித்தனர்.

அவர்கள் எறிந்தது கட்டாயத்தை, கைத்திறனை அன்று. எதைச் செய்வது, எதை அணிவது, என்ன விலைக்கு விற்பது என்பவற்றை நம் பெண்களே முடிவு செய்தல் வேண்டும். ஆகவே மணி கோக்கும் வகுப்பிலேயே வரவு செலவுக் கணக்கையும் கற்பிப்போம். விலை சொல்லும் உரிமை இல்லாத தொழில், இன்னொரு கல்மாலையே ஆகும்.