சொன்னவர் நெஞ்சும் கேட்டவர் செவியும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு விழாவில் விளையாட்டுத் திடலைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் ஆட்டத்தைப் பற்றியது அன்று, சொல்லைப் பற்றியது. திடலிலோ, ஆட்டக்காரர்களின் அறையிலோ, ஒருவர் இன்னொருவரின் நிறத்தை, இனத்தைச் சுட்டி ஒரு சொல்லைச் சொல்லிவிடுகிறார். கேட்டவர் புண்படுகிறார். "நான் அந்த எண்ணத்தில் சொல்லவில்லை" என்கிறார் சொன்னவர். அந்த எண்ணத்தை நாம் கணக்கில் கொள்ள வேண்டுமா? கொள்வதானால் எந்த அளவுக்கு? சொல்லோடு வாழும் இந்த அவைக்கு இது அயலான கேள்வி அன்று.

சொல்லும் எண்ணமும் வேறுவேறு திசையில் நடக்கக்கூடும் என்பதை இந்தத் தகடூர் மண் நெடுங்காலம் முன்பே அறிந்திருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றதைப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு காட்டுகிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று, அழகாகக் காவலுக்குள் இருக்கின்றன என்கிறார் ஔவையார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். சொல்லளவில் இது தொண்டைமானுக்குப் புகழ்ச்சி. பொருளளவில், போரே காணாதவன் நீ என்னும் இகழ்ச்சி. அந்தப் பாட்டின் உயிர், சொன்னவரின் நோக்கத்தில் இருக்கிறது. ஆகவே, சொல்லை மட்டும் பார், சொன்னவர் நெஞ்சைப் பாராதே என்று எவரேனும் சொன்னால், இந்த ஊரில் பிறந்தவர்கள் அதை எளிதில் ஒப்ப மாட்டார்கள்.

ஔவையார் புகழும் சொல்லால் இகழ்ந்தார். அதற்கு நேர் எதிரான நிலை ஒன்று உண்டு. இகழும் சொல்லால் ஒருவரை அன்போடு அழைப்பதாகக் கூறும் நிலை. நம் காலத்துச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

டேரன் சாமி, மேற்கிந்தியத் தீவுகளின் செயின்ட் லூசியாவைச் சேர்ந்தவர். 2012இலும் 2016இலும் இருபது ஓவர் உலகக் கோப்பையைத் தம் அணிக்கு வென்று கொடுத்த தலைவர். 2013, 2014ஆம் ஆண்டுகளில் ஐ.பி.எல். போட்டிகளில் ஐதராபாத் அணிக்காக ஆடியபோது, அவரையும் இலங்கையின் திசர பெரேராவையும் 'காலூ' என்று அழைத்தார்கள். இந்தியில் அது கறுப்பன் என்னும் விளி. வலிமை மிக்கவன் என்று அதற்குப் பொருள் போலும் என எண்ணி அவர் மகிழ்ந்தே இருந்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலர் கையில் உயிரிழந்த சில நாள்களுக்குப் பின், 2020 ஜூனில்தான், அச்சொல்லின் பொருள் அவருக்குத் தெரியவந்தது. தாம் சினம் கொண்டதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். பின்னர் பழைய தோழர் ஒருவர் அவரோடு பேசினார். அன்பினால் அழைத்ததாக அவர் கூறியதைத் தாம் நம்புவதாகவும், குற்றம் சாட்டுவதைவிடக் கற்பிப்பதே வழி என்றும் சாமி அறிவித்தார்.

இந்நிகழ்ச்சியைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். அழைத்தவர் இகழ நினைக்கவில்லை என்கிறார். அழைக்கப்பட்டவரும் அப்போது இகழ்ச்சியாகக் கொள்ளவில்லை. இருவர் நெஞ்சிலும் இகழ்ச்சி இல்லையென்றால், ஆறாண்டு கழித்து அவரைச் சுட்டது எது? சாமியே அதற்கு விடை தந்திருக்கிறார். அந்தப் பெயரைச் சொன்ன ஒவ்வொரு முறையும் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள் என்பதை அவர் நினைவுகூர்ந்தார். தோழர்கள் மகிழ்கிறார்கள் என்று அவரும் சேர்ந்து மகிழ்ந்தார். அந்தச் சிரிப்பின் காரணம் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் அந்தப் பெயருக்கு உரியவர் மட்டுமே. இகழ்ச்சி அங்கேதான் இருந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன் கூறுகிறார். அவற்றுள் முதலாவது எள்ளல். அழுகைக்கும் நான்கு கூறுகிறார். அவற்றுள் முதலாவது இளிவு. ஒருவரின் எள்ளலில் பிறக்கும் நகையே இன்னொருவரின் இளிவில் பிறக்கும் அழுகையாகிறது. சாமிக்கு அந்த நகை முன்னும் அழுகை பின்னுமாக வந்தன. இடையே ஆறாண்டு கழிந்தது என்பதால் இரண்டும் வேறாகிவிடா.

அதே தொல்காப்பியர் செய்யுளின் உறுப்புகளை எண்ணும்போது கூற்றோடு நிறுத்தவில்லை. கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுகிறார். சொன்னவர் ஒருவரே பொருளுக்கு முழு உரிமையாளர் அல்லர் என்பது இதனால் பெறப்படும். ஒரு கவிதைக்கு இது பொருந்துமானால், திடலில் வீசப்படும் ஒரு சொல்லுக்கும் பொருந்தும்.

இனி, எண்ணத்தின் பக்கம் நின்று வழக்காடுவோரின் வலுவான சான்றையும் பார்ப்போம். உருகுவே நாட்டுக் கால்பந்து வீரர் எடின்சன் கவானி, 2020 நவம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக இரண்டு கோல் அடித்தார். வாழ்த்திய நண்பருக்கு இன்ஸ்டாகிராமில் 'நன்றி, நெக்ரீதோ' என்று எழுதினார். ஏறக்குறைய நம் ஊரில் 'கறுப்பா' என்று செல்லமாக விளிப்பது போன்றது அது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அவருக்கு மூன்று ஆட்டங்கள் தடையும், ஒரு லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தது. இழிவு செய்யும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதை விசாரித்த குழுவே ஏற்றுக்கொண்டது. உருகுவேயின் தேசிய மொழிக் கழகம் இத்தீர்ப்பைக் கடுமையாகக் கண்டித்தது. தங்கள் மொழியில் அது அன்புச் சொல், அதை அறியாமல் தண்டித்துவிட்டார்கள் என்பது அதன் வாதம்.

இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கருப்பசாமியை வணங்கி, பிள்ளைகளுக்கு அப்பெயரையே சூட்டும் நாம் அறிவோம், ஒரு நிறச்சொல்லில் எவ்வளவு அன்பு நிறைந்திருக்க முடியும் என்பதை. திருக்குறளில் இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் மனத்தாலான தீங்கைத் தனித்துச் சொல்கிறார். மனம் சேராத இடத்தில் பாவம் இல்லை என்பது அதற்குப் பரிமேலழகர் காட்டும் கருத்து. கவானியின் நண்பரும் புண்படவில்லை. ஆகவே அவருக்கு விதித்த தண்டனை அளவில் மிகை என்பதே என் கருத்து. எடுத்துச் சொல்லியிருந்தாலே போதும். ஆயினும், அச்சொல் இருவருக்கிடையே எழுதிய கடிதத்தில் இல்லை, இலட்சக்கணக்கானோர் பார்க்கும் வெளியில் இருந்தது. கேட்போரும் களனும் மாறியபின் பொருள் பழையபடியே இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

எண்ணத்தை மட்டுமே அளவுகோலாக்கினால் வரும் இடர்ப்பாட்டை 2008 சனவரியில் நடந்த சிட்னி டெஸ்ட் காட்டியது. ஹர்பஜன் சிங் தம்மைக் குரங்கு என்று சொன்னதாக, கரீபிய வழிவந்த ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் தரப்பு முறையிட்டது. ஆட்ட நடுவர் மைக் புராக்டர் மூன்று டெஸ்ட் தடை விதித்தார். மேல்முறையீட்டை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன், இனவசை மெய்ப்பிக்கப்படவில்லை என்று தடையை நீக்கி, வசைமொழி பேசியதற்காக ஆட்ட ஊதியத்தில் பாதியை அபராதமாக்கினார். ஒலிவாங்கிகள் சூழ்ந்த திடலில், சொன்ன சொல்லையே உறுதிசெய்ய முடியவில்லை. சொன்னவர் நெஞ்சை எப்படி உறுதிசெய்வது? அதற்குச் சில மாதம் முன்பு, 2007 அக்டோபரில், வதோதராவிலும் மும்பையிலும் பார்வையாளர்கள் சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்கொலி எழுப்பினார்கள். அந்நாள்களில் நம்மிடையே ஒரு விளக்கம் உலவியது. அனுமனைத் தெய்வமாகத் தொழும் நாட்டில் குரங்கு என்பது எப்படி வசையாகும் என்பது அது. கம்பனைக் கற்றவர்களுக்கு இது இனிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஒலியைக் கேட்டவர் கம்பனைக் கேட்டு வளர்ந்தவர் அல்லர். கறுப்பின மக்களை மனிதரில் சேர்க்காமல் விலங்கில் சேர்த்து விற்ற வரலாற்றின் வழியாகவே அந்த ஒலி அவர் செவியை அடைந்தது. அதுவுமின்றி, நம் பார்வையாளர்கள் அன்று வழிபாடு நடத்தவில்லை என்பதை நாம் எல்லாரும் அறிவோம்.

அப்படியானால் எண்ணத்துக்கு இடம் எங்கே? விளையாட்டின் விதிகளே வழி காட்டுகின்றன. பந்து வீசுபவரின் முன்கால் கோட்டைத் தாண்டிவிட்டால் அது நோபால். வேண்டுமென்றே தாண்டினாரா, தவறித் தாண்டினாரா என்று நடுவர் கேட்பதில்லை. அதே கிரிக்கெட்டில், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்ட பந்துக்கு எல்.பி.டபிள்யூ. கேட்கும்போது, மட்டையாளர் பந்தை ஆட உண்மையாக முயன்றாரா என்று நடுவர் பார்க்கிறார். எண்ணம் பார்க்கப்படாத இடமும் உண்டு, பார்க்கப்படும் இடமும் உண்டு. இனவசைக்கும் இதுவே பொருந்தும். கோடு தாண்டப்பட்டதா என்பதைச் சொல்லும், கேட்போரும், களனும் முடிவு செய்யட்டும். தாண்டியவரை எவ்வளவு தண்டிப்பது என்பதை எண்ணம் முடிவு செய்யட்டும். பன்னாட்டு கிரிக்கெட் பேரவையின் இனவெறி எதிர்ப்பு விதியும், நியாய உணர்வுள்ள எவரையும் புண்படுத்தக்கூடிய நடத்தையா என்றே முதலில் கேட்கிறது.

நம் நாட்டில் நிறவசைக்கு உடன்பிறப்பாக நிற்பது சாதிவசை. 2020இல் யுவராஜ் சிங், இன்ஸ்டாகிராம் உரையாடல் ஒன்றில், சக வீரர் யுஸ்வேந்திர சாகலைக் கேலி செய்ய வடநாட்டுத் துப்புரவுத் தொழிலாளர் சாதி ஒன்றின் பெயரைப் பயன்படுத்தினார். எதிர்ப்பு எழுந்தபின், நண்பர்களோடு பேசியது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றும், தாம் அறியாமல் எவர் மனத்தையேனும் புண்படுத்தியிருந்தால் வருந்துவதாகவும் அறிக்கை விட்டார். 2021 அக்டோபரில் அரியானாவில் முறைப்படி கைது செய்யப்பட்டுப் பிணையில் வெளிவந்தார். சாகலைப் புண்படுத்த அவர் எண்ணவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அடித்தது சாகலை அன்று. தம் பிறப்பின் பெயரே கேலிக்கு உவமையாவதைக் கேட்டுக்கொண்டிருந்த மக்களை. அவர்களும் கேட்போரே.

சட்டமும் இந்த இரு முனைகளையும் தொட்டே நிற்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு, இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. 2015இன் திருத்தத்தால் வந்த அடுத்த பிரிவு, பொதுப் பார்வையில் சாதிப் பெயரால் வசைபாடுவதையே குற்றமாக்குகிறது. 2008இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சாதிப் பெயரின் சொற்பிறப்பைப் பார்க்காமல் வழக்கில் அது பெற்றுவிட்ட பொருளைப் பார்க்க வேண்டும் என்றது. எண்ணம் இருந்ததா என்பது சூழலைப் பொறுத்தது என்றும் சொன்னது. அகராதிக்கும் வழக்காற்றுக்கும் உள்ள தொலைவை அறிந்த கவிஞர்களுக்கு இத்தீர்ப்பு புதியதன்று.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1984இல் பம்பாயில் இங்கிலாந்தை எதிர்த்து ஒரே டெஸ்டில் பன்னிரண்டு விக்கெட் வீழ்த்திய எல். சிவராமகிருஷ்ணன், வாழ்நாள் முழுதும் நிறத்தால் வேற்றுமை காட்டப்பட்டதாகவும், அது நம் சொந்த நாட்டிலேயே நடந்தது என்றும் 2021இல் எழுதினார். சென்னையின் அபினவ் முகுந்த் 2017 ஆகஸ்டில், தம் நிறத்தைக் குறித்துப் பல பெயர்களால் அழைக்கப்பட்டதையும், தம் குறிக்கோள் பெரிதென்பதால் சிரித்து ஒதுக்கியதையும் எழுதினார். இங்கும் ஒரு சிரிப்பு. பெயர் சூட்டியவர்கள் அந்தச் சிரிப்பை இசைவு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது இசைவு அன்று, பொறுமை.

பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் பொங்கல் நாள்களில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் நம் பிள்ளைகளும் பட்டப்பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். எல்லாப் பட்டப்பெயரும் வசை என்று நான் சொல்லவில்லை. எது அன்பு, எது வசை என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அந்தப் பெயரால் அழைக்கப்படுபவன், அதற்கு ஈடான பெயரால் திரும்ப அழைக்க முடியுமா? முடியுமானால் அது நட்பு. ஒரு திசையில் மட்டுமே ஓடும் பெயர், எவ்வளவு சிரித்துச் சொன்னாலும், நட்பு ஆகாது. ஊர்த்தெருவின் பிள்ளை காலனியின் பிள்ளையை அழைக்கும் பெயர்களை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள்.

இறுதியாக நமக்கு. 'சண்டாளன்' என்னும் சொல் நம் கதைகளில், பாடல்களில், பாட்டிமாரின் செல்லக் கோபத்தில் கூட வருகிறது. சொல்பவர் நெஞ்சில் எந்தச் சாதியும் இராது. ஆனால் அது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளின் அட்டவணையில் உள்ள ஒரு பெயர். 2024இல் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் அச்சொல்லைக் கேலியிலும் அரசியலிலும் பயன்படுத்துவதைக் கண்டித்தது. அதற்கு முன்பு அதை எழுதியவரை நாம் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. அறியாமல் சொன்னவரின் எண்ணத்தை மதிப்போம். ஆனால் அறிந்த கணத்தில் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. அதன்பின்னும் அதே சொல்லைச் சொன்னால், 'அந்த எண்ணம் எனக்கில்லை' என்று சொல்ல இடமில்லை. அறிந்தபின் சொல்வதே எண்ணந்தான்.

எண்ணம் தூயதா என்று நிறுவச் சான்றும் சத்தியமும் வேண்டாம். "இது என்னைச் சுடுகிறது" என்று கேட்டவர் சொன்ன மறுநாள், சொன்னவர் வாயில் என்ன சொல் வருகிறது என்று பார்த்தால் போதும். திடலுக்கும் அதுவே அளவுகோல், நம் எழுத்துக்கும் அதுவே.