தொம்மலூரில் இராமநாதனின் ஆண்டுகள்



பழைய தொம்மலூரில் மேட்டின்மேல் நிற்கும் சொக்கப்பெருமாள் கோயிலை உங்களில் பலர் அறிவீர்கள். பெயரைக் கேட்டுச் சிவன் கோயில் என்று நினைத்து வருபவர்களும் உண்டு. உள்ளே இருப்பவர் பெருமாள். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் 1905-இல் எபிகிராபியா கர்னாடிகாவின் ஒன்பதாம் தொகுதியில் பதிப்பித்தார். ஊரின் பெயர் அவற்றில் தொம்பலூர். 1270-இல் அழகியார் என்பவர் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் செய்து கொடுத்திருக்கிறார். ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து நிலம் விட்டிருக்கிறார்கள். 1290 வாக்கில் போசள வீர இராமநாதன் இவ்வூர் வருவாயிலிருந்து கோயிலுக்குப் பத்துப் பொன் ஒதுக்குகிறான்.

அந்த இராமநாதனைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். போசள மன்னன் சோமேசுவரன் 1254-ஐ ஒட்டி நாட்டைத் தன் இரு மகன்களுக்கும் பங்கிட்டான். துவாரசமுத்திரத்தில் மூன்றாம் நரசிம்மன் அமர்ந்தான். காவிரிக்கரைப் பக்கம் சமயபுரத்தை அடுத்த கண்ணனூர் இராமநாதனுக்கு வந்தது. தந்தை ஒருவர், நாடு இரண்டு, ஆண்டுக் கணக்கும் இரண்டு! அன்று ஒரு தானத்தையோ நிலப் பத்திரத்தையோ எழுத உட்கார்ந்தவர் முதலில் இன்ன தேவர்க்கு யாண்டு (ஆட்சியாண்டு) இத்தனை என்று குறித்தாக வேண்டும். எவன் பெயரைக் குறித்தாரோ அவனையே அந்த ஊர் அரசனாக ஏற்றது என்று பொருள். இன்றைய பெங்களூர் வட்டாரத்தில் சில ஊர்க் கற்கள் நரசிம்மன் பக்கம் நிற்கின்றன, சில இராமநாதன் பக்கம். எல்லைக்கல் நட்டதைவிடத் தெளிவான சான்று இது என்பேன்.

இதே நிலை அடுத்த நூற்றாண்டில் ஜப்பானில் வந்தது. அங்கே அன்று பேரரசர் அவை ஆண்டுகளுக்குப் பெயர் சூட்டியது. அரசர் மாறாமலே பெயர் மாறியதும் உண்டு. 1238-இன் இறுதியில் தொடங்கிய ரியாக்குனின் என்ற ஆண்டுப்பெயர் இரண்டரை மாதத்தில் முடிந்துபோனது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது கென்மு. 1334-இல் பேரரசர் கோ-தைகோ அதைத் தொடங்கினார். 1336-இல் அவரே அதை விட்டு எங்கென் என்று மாற்றினார். அவரை எதிர்த்த அஷிகாகா தகவுஜியின் தரப்போ 1338 வரை கென்முவையே எழுதியது. ஆகவே 1337 ஒரு தரப்புக்கு எங்கென் 2, மற்றதற்குக் கென்மு 4. ஆவணத்தின் தேதியைப் பார்த்தாலே எழுதியவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். தகவுஜி தரப்பின் வடக்கு அவை, கோ-தைகோ தரப்பின் தெற்கு அவை என்ற இந்தப் பிளவு 1392-இல்தான் தீர்ந்தது.

ஜப்பானின் அந்த வருடங்களுக்கு அறிஞர்கள் தனி நூல்களே எழுதியிருக்கிறார்கள். நம் இராமநாதனுக்குப் பாடநூலில் ஒரு வரி கிடைத்தால் அதிகம். இது எனக்கு வருத்தம் தருகிறது. 1279-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் அவனையும் மூன்றாம் இராசேந்திர சோழனையும் வென்றான். கண்ணனூர் கைவிட்டுப் போக, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியிலிருந்து அவன் ஆண்டான். அப்படியானால் தொம்பலூர்க் கோயிலுக்குப் பத்துப் பொன் ஒதுக்கியவன் தலைநகரை இழந்த அரசன். காவிரிச் சமவெளியின் விளைச்சல் போனபின், இந்த மேட்டு நிலத்து ஏரிப் பாசன ஊர்களே அவனுக்கு எஞ்சிய செல்வம். அந்தச் சின்ன வருவாயிலிருந்தும் கோயிலுக்கு ஒரு பங்கை விட்டிருக்கிறான். பெரிய சாசனங்களைவிட அந்தப் பத்துப் பொன்னை நான் உயர்வாக மதிக்கிறேன்.

1295-ஐ ஒட்டி அவனுக்குப்பின் மகன் விசுவநாதன் வந்தான். அவன் ஆட்சி சில ஆண்டுகளே. 1300 வாக்கில் நரசிம்மன் மகன் மூன்றாம் வல்லாளன் இரு பங்கையும் ஒன்றாக்கிக்கொண்டான். பிறகு விசயநகர காலத்திலும், இரண்டாம் தேவராயன் ஆட்சியில், இதே பெருமாளுக்கு வரிகளும் வீடுகளும் கிணறுகளும் விடப்பட்டன.

இங்கே இருக்கும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். கிழக்குப் பெங்களூர்க் கற்களில் 1254 முதல் 1300 வரையுள்ளவற்றை ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த மன்னனின் யாண்டைச் சொல்கிறது என்று ஒரே வரைபடத்தில் குறியுங்கள். ரைஸின் தொகுதி அச்சில் வந்திருக்கிறது, தொம்மலூரிலிருந்தே தொடங்கலாம்.